1965, 1971 வான்சண்டை: வீழ்த்தியதாகச் சொன்னது எத்தனை, உண்மையில் விழுந்தது எத்தனை?

#1 செந்தில்_திருப்பூர்

வணக்கம் நண்பர்களே. 1965 போரில் வானத்தில் யார் ஜெயித்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேடத் தலை சுற்றுகிறது.

பாகிஸ்தான் சொல்வது: இந்திய விமானங்கள் 104 அழிந்தன, எங்களுக்கு இழப்பு வெறும் 19. இந்தியா சொன்னது: பாகிஸ்தான் விமானங்கள் 73 அழிந்தன. செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கி 23ஆம் தேதி முடிந்த சண்டை. பாகிஸ்தானிடம் இருந்த மொத்தப் போர் விமானங்களே ஏறத்தாழ நூற்றைம்பதுதான் என்கிறார்கள். அதில் 73 போயிருந்தால் கடைசி நாள்வரை எதை வைத்துப் பறந்தார்கள்?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், தகவல் போதும்.

#2 வேல்77

இதுல என்ன குழப்பம் ப்ரோ. அவங்க சொல்றது பொய், நம்ம சொல்றது நிஜம். நம்ம நாட் போர் விமானத்தைப் பார்த்தாலே பாகிஸ்தானோட சேபர் ஜெட் ஓடுமாம். இழையை மூடிடலாம் 😄

#3 குறிப்பேடு

செந்தில், மொத்த எண்ணிக்கையில் தொடங்கினால் கரை சேர மாட்டீர்கள். 73ஐ மட்டுமல்ல, நம் இழப்புக் கணக்கையும் பாருங்கள். பாதுகாப்பு அமைச்சகம் எழுதிவைத்து, பல ஆண்டுகள் வெளியிடாமலே இருந்த அதிகாரபூர்வ வரலாற்றில் இந்திய இழப்பு 59 விமானங்கள். இது பாகிஸ்தான் சொல்லும் 104ல் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வருகிறது. இரண்டு பக்கமும் ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள்.

நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே ஒன்று. சுட்டவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன், கணக்கில் எழுத மாட்டேன். இழந்த தரப்பே ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் விமானி பிடிபட்டிருக்க வேண்டும், அல்லது சிதைவு கிடைத்திருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் எழுதுவேன்.

சுட்டவர் பொய்யர் என்று சொல்ல வரவில்லை. ஒரு ஜெட் மணிக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் கிலோமீட்டரில் போகிறது. குறிக்குள் அது நிற்பது ஒன்றிரண்டு விநாடி. குண்டு பட்டதைக் கண் பார்க்கிறது, எதிரி புகை கக்கியபடி கீழே பாய்கிறான். அதற்குள் நம் வாலில் இன்னொருவன் வந்து விடுகிறான், முறித்துத் திரும்ப வேண்டியிருக்கிறது. கீழே பாய்ந்தவன் தரையில் மோதினானா, மரத்தை உரசிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தானா என்று நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அப்படி நடந்த ஒரு கதை. 1965 செப்டம்பர் 3. 23ஆம் ஸ்குவாட்ரனின் (விமானப்படைப் பிரிவு) ட்ரெவர் கீலர் ஒரு சேபரைச் சுட்டார். இந்திய விமானப்படையின் முதல் ஜெட் வேட்டை என்று நாடே கொண்டாடியது, வீர் சக்ரா கொடுத்தார்கள். அவர் சுட்ட சேபரில் இருந்தவர் யூசுப் அலி கான். அடி பலமாகவே பட்டது. ஆனால் அவர் அந்த அடிபட்ட விமானத்தை ஓட்டிப்போய்த் தன் தளத்தில் இறக்கிவிட்டார். கீலர் பார்த்தது நிஜம், சுட்டது நிஜம், பட்டது நிஜம். விழவில்லை, அவ்வளவுதான்.

#4 வேல்77

அதாவது கீலர் கணக்குல வராதா? அநியாயம்.

#5 குறிப்பேடு

‘சேதம்’ என்ற பத்தியில் வரும், ‘வீழ்ந்தது’ பத்தியில் வராது. அவருடைய அண்ணன் டென்சில் கீலரும் அதே போரில், செப்டம்பர் 19 அன்று, சாவிண்டா பக்கம் ஒரு சேபரை அடித்தார். ஒரே வகைச் செயலுக்காக அண்ணன் தம்பி இருவருக்கும் வீர் சக்ரா. குடும்பத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை நான் 🙂

அதே செப்டம்பர் 3 சண்டையில் நம் பக்கம் இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் கொண்டாடுவதில்லை. ஸ்குவாட்ரன் லீடர் சிக்கந்த் தன் நாட் விமானத்தைப் பஸ்ரூரில், பாகிஸ்தான் ஓடுதளத்தில், இறக்கிவிட்டார். தங்கள் ஸ்டார்ஃபைட்டர் ஜெட்டைக் கண்டு சரணடைந்தார் என்பது அவர்கள் கூற்று. கருவிகள் பழுதாகித் திசை தவறினார் என்பது நம் கூற்று. காரணம் எதுவானாலும் என் விதிப்படி அது இழப்புதான். அந்த விமானம் இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

#6 பழைய_ஃபிட்டர்

நான் 65லும் இல்லை, 71லும் இல்லை. சேர்ந்தது அதற்குப் பிறகு, ஆயுதப் பிரிவு. நாட் விமானத்தில் வேலை பார்த்திருக்கிறேன் என்பதால் இரண்டு வார்த்தை.

நாட் சின்ன வண்டி. இறக்கை நுனிக்கு நுனி 7 மீட்டர்கூட வராது, சேபர் 11 மீட்டருக்கு மேல். ஏணி போடாமலே பாதி வேலையைத் தரையில் நின்றபடி முடித்துவிடலாம். அந்தச் சிறுமைதான் அதன் பலம். எதிரே வருவது கண்ணில் படாது, பட்டபோது கிட்டே வந்திருக்கும். ஏறுவதும் திரும்புவதும் வேகம். வேல் தம்பி சொல்வதில் அவ்வளவு உண்மை இருக்கிறது.

பலவீனமும் உண்டு. 30 மிமீ ஏடன் பீரங்கி இரண்டு. ஒரு குண்டு சரியாகப் பட்டாலே சேபர் கிழியும். ஆனால் நடுச்சண்டையில் ஒன்று சிக்கி நின்றுவிடும், சில நேரம் இரண்டும். சேபரில் 12.7 மிமீ துப்பாக்கி ஆறு. ஒவ்வொரு குண்டும் சின்னது, ஆனால் தண்ணீர் மாதிரி ஊற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் நாட் சுட்ட சேபர்கள் பல, ஓரிரு குண்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கின்றன. கீலர் கதையில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று, எல்லாச் சேபரிலும் சைட்விண்டர் மிஸைல் கிடையாது. 65ல் அதற்கான வயரிங் இருந்தது நாலில் ஒரு பங்கில்தான். அதுவும் எஞ்சின் சூட்டை மோப்பம் பிடித்துப் போகிற ரகம், பின்னாலிருந்து மட்டும்தான் விட முடியும்.

#7 செந்தில்_திருப்பூர்

ஃபிட்டர் ஐயா, அருமை. குறிப்பேடு அக்கா, உங்கள் விதியை அந்தப் பக்கமும் போடுங்கள். பாகிஸ்தான் விமானி எம்.எம்.ஆலம், ஒரு நிமிஷத்துக்குள் நம் ஹண்டர் விமானங்கள் ஐந்து. அது?

#8 குறிப்பேடு

இதைத்தான் கேட்பீர்கள் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 7 காலை, பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளம். முகம்மது மஹ்மூத் ஆலம், 11ஆம் ஸ்குவாட்ரன், சேபர். ஐந்து ஹண்டர், அதில் நாலு முப்பது விநாடியில் என்பது அவர்கள் சொல்வது. லாகூரில் பெரிய கடைத்தெரு ஒன்று அவர் பெயரில் இருக்கிறது, மியான்வாலி விமானத் தளத்துக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பிறந்தது கல்கத்தாவில் என்பது ஒரு வேடிக்கை.

அன்று காலை நம் ஹல்வாரா தளத்திலிருந்து ஹண்டர்கள் போனது உண்மை, சில திரும்பவில்லை என்பதும் உண்மை. இந்திய ஆய்வாளர்கள் பெயர் பெயராகத் தேடிப் பார்த்தபோது திரும்பாதவர்கள் மூன்று பேருக்கு மேல் போகவில்லை. அந்த மூவரில் ஒருவர் பிடிபட்டார், அவர் விமானம் எஞ்சின் நின்று விழுந்தது என்பது நம் தரப்பு. இழந்த பக்கம் ஐந்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. அதனால் என் நோட்டில் ஐந்து இல்லை.

ஆனால் அவர் திறமைசாலி இல்லை என்றும் எழுத மாட்டேன். ஒரே திருப்பலில் பலமுறை சுட்டுப் பட வைத்தவர். இரண்டு வீழ்த்தியிருந்தாலும் அது பெரிய காரியம். ஐந்து என்பது சேபர் கண்ட ஐந்தா, தரை கண்ட ஐந்தா என்பதுதான் கேள்வி.

#9 வேல்77

சூப்பர் அக்கா 🔥🔥 ஆலம் அவுட்! இதைத்தான் எதிர்பார்த்தேன்.

#10 பழைய_ஃபிட்டர்

தம்பி, கொண்டாட்டத்தைக் கொஞ்சம் அடக்கு. அதே போரில் நம் கதை எப்படித் தொடங்கியது தெரியுமா?

செப்டம்பர் 1. சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் உடைத்துக்கொண்டு உள்ளே வருகின்றன. ராணுவம் உதவி கேட்கிறது, பொழுது சாயப்போகிறது. பதான்கோட்டிலிருந்து அனுப்பியது என்ன? வாம்பயர். இரண்டாம் உலகப்போர் நடக்கும்போது வரைந்த விமானம், உடலில் பாதி மரம். சேபர்கள் மேலே காத்திருந்தன. ஒரே மாலையில் நாலு வாம்பயர் போயின. அவர்கள் விமானிகள் ரஃபீக்கி இரண்டு, பட்டி இரண்டு என்பது அவர்கள் கணக்கு, ஒன்று தரையிலிருந்து சுட்டதில் விழுந்தது என்பது நம் கணக்கு. நாலு போனதில் மாற்றுக் கருத்து இல்லை. அதன் பிறகு வாம்பயரையும் ஊரகான் என்ற இன்னொரு பழைய ரகத்தையும் முன்வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு மாலையில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் பயனற்றதாகிப்போயின என்று அர்த்தம்.

செப்டம்பர் 6 பதான்கோட் இன்னும் மோசம். சஜ்ஜாத் ஹைதர் தலைமையில் எட்டு சேபர் தாழப் பறந்து வந்து, திறந்த வெளியில் நின்ற விமானங்களை ஒவ்வொன்றாகக் கொளுத்திவிட்டுப் போயின. புத்தம்புதிய மிக்-21 இரண்டு அதில் போயின. வானத்தில் ஒரு சண்டையும் இல்லை. 59ல் பெரும்பங்கு இப்படித் தரையில் நின்றபடி எரிந்தவை. எனக்கு இதுதான் வலிக்கும். நிறுத்தியிருந்த விமானத்துக்கு மண்சுவர்கூட இல்லாமல் விட்டவர்களை என்ன சொல்ல.

#11 குறிப்பேடு

ஐயா சொன்னதோடு சேர்த்து அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே 6ஆம் தேதி மாலை ஹல்வாராவைத் தாக்க வந்தது மூன்றே சேபர். நம் ஹண்டர் இரண்டை வீழ்த்தினார்கள். ஆனால் வந்தவர்களில் திரும்பியது சிசில் சௌத்ரி ஒருவர் மட்டும். செப்டம்பர் 1ல் வாம்பயர்களை வீழ்த்திய அதே ரஃபீக்கி, துப்பாக்கி நின்றுபோன நிலையிலும் அணியை விட்டு விலகாமல் இருந்து அங்கே இறந்தார். யூனுஸ் ஹுசைனும் அங்கேயே. இரண்டு பக்கமும் இதை ஒப்புக்கொள்கிறார்கள், எனவே சுத்தமான கணக்கு.

#12 தேன்மொழி_ஆசிரியை

அக்கா, உங்கள் விதியில் ஒரு சந்தேகம். எதிரி ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். போரில் எந்த எதிரி தன் இழப்பை ஒப்புக்கொள்வான்? இந்த விதி வேலை செய்த ஒரு உதாரணமாவது காட்டுங்களேன்.

#13 குறிப்பேடு

டீச்சர், நீங்கள் கேட்டதற்குப் பதிலாகத் தேவய்யா இருக்கிறார்.

அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா. குடகுக்காரர், 1ஆம் ஸ்குவாட்ரன், மிஸ்டேர் விமானம். செப்டம்பர் 7 விடியலில் ஆதம்பூரிலிருந்து பன்னிரண்டு மிஸ்டேர்கள் சர்கோதாவைத் தாக்கக் கிளம்பின. தேவய்யா அந்தப் பன்னிரண்டில் இல்லை. யாருக்காவது பழுது என்றால் போக வேண்டிய மாற்று ஆள். ஒரு விமானம் பின்தங்க, அவர் போனார். சேர்ந்தது கடைசியில், பறந்தது வாலில்.

அணி திரும்பியபோது அவர் இல்லை. யாரும் எதையும் பார்க்கவில்லை. ‘காணவில்லை’ என்று எழுதினார்கள், பிறகு ‘இறந்ததாகக் கருதப்படுகிறார்’ என்று மாற்றினார்கள். பதினாலு வருஷம் கதை அவ்வளவுதான்.

1979ல் ஒரு பிரிட்டிஷ் எழுத்தாளர், பாகிஸ்தான் விமானப்படையின் ஒத்துழைப்போடு அவர்கள் தரப்புப் போர் வரலாற்றை எழுதினார். அதில் ஒரு செய்தி: அன்று விடியலில் சர்கோதாவை ஒட்டி ஒரு எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர், ஒரு மிஸ்டேரிடம் அடி வாங்கி விழுந்தது. விமானி அம்ஜத் ஹுசைன் குதித்துத் தப்பினார்.

நம் ஆட்கள் திகைத்தார்கள். திரும்பி வந்த ஒருவர்கூட ஸ்டார்ஃபைட்டரைச் சுட்டதாகச் சொல்லவில்லையே! அப்படியென்றால் சுட்டது திரும்பாதவர்தான். நடந்தது இதுதான்: அம்ஜத் ஹுசைன் தேவய்யாவின் விமானத்தை அடித்துவிட்டு, கதை முடிந்தது என்று அடுத்த மிஸ்டேரைத் துரத்தினார். அடிபட்ட மிஸ்டேர் விழவில்லை. ஒலியின் இரு மடங்கு வேகத்தில் போகக்கூடிய விமானத்தை, அதில் பாதி வேகம்கூட இல்லாத, ஏற்கெனவே ஓட்டை விழுந்த விமானத்தில் இருந்தவர் திரும்பி நின்று சுட்டிருக்கிறார்.

அன்று அணித் தலைவராக இருந்த தனேஜா விடாமல் எழுதிப் போராடினார். 1988ல், இறந்து 23 ஆண்டு கழித்து, மகா வீர் சக்ரா வந்தது. தேவய்யாவுக்கு சாட்சி சொன்னது அவர் வீழ்த்திய தரப்பு.

அந்த அம்ஜத் ஹுசைன் 1971லும் ஸ்டார்ஃபைட்டரில் வந்தார். டிசம்பர் 5ல் அமிர்தசரஸ் ரேடாரைத் தாக்கும்போது தரைப் பீரங்கி அடித்தது, இந்தச் சுற்றில் பிடிபட்டார்.

#14 தேன்மொழி_ஆசிரியை

படிக்கவே மூச்சு முட்டுகிறது. நன்றி அக்கா. வகுப்பில் சொல்லப் போகிறேன்.

#15 செந்தில்_திருப்பூர்

71க்கு வருவோம். அது கணக்கில் தெளிவு என்கிறார்களே, ஏன்?

#16 குறிப்பேடு

கிழக்கில், அதாவது இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானில், தெளிவு; மேற்கில் வழக்கமான குழப்பம்.

கிழக்கில் முதல் சண்டையே தெளிவு. போர் அறிவிக்கும் முன்பே, நவம்பர் 22, பொய்ரா. கரீப்பூர் அருகே நம் படையைத் தாக்க சேபர்கள் வந்தன. டம்டம்மிலிருந்து 22ஆம் ஸ்குவாட்ரன் நாட் நாலு எழுந்தன: மாஸ்ஸி, கணபதி, லாசரஸ், சோரஸ். சண்டை சில நிமிடம்தான். கணபதி ரேடியோவில் “மர்டர், மர்டர், மர்டர்” என்று கத்தினார், இலக்கை அடித்தாகிவிட்டது என்பதற்கான சங்கேதம் அது.

நம் உரிமைகோரல் மூன்று. உண்மையில் விழுந்தது இரண்டு. மூன்றாவது தடுமாறி டாக்கா போய்ச் சேர்ந்தது, அதன் விமானி தானும் ஒரு நாட் விமானத்தை வீழ்த்தியதாகச் சொன்னார். நாலு நாட் விமானங்களும் பத்திரமாக இறங்கின. பாருங்கள், நாலு நிமிடச் சண்டையில் இரு தரப்புக்கும் ஆளுக்கு ஒரு பிழை!

இரண்டு பேர் பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டார்கள். அதில் ஒருவர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. ஆத்திரத்தில் அடிக்க வந்த வீரர்களிடமிருந்து அவரைக் காத்தது 4 சீக் படைப்பிரிவில் அப்போது கேப்டனாக இருந்த பனாக், பிறகு லெப்டினன்ட் ஜெனரல் ஆனவர். குரேஷி 1997ல் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியானார். அவரை வீழ்த்திய லாசரஸ் ஓய்வுக்குப் பின் நம் குன்னூரில் குடியேறினார். குரேஷிக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. இதைவிட நல்ல ரசீது எந்தக் கணக்கிலும் கிடையாது.

#17 நல்லூரான்

நான் யாழ்ப்பாணம், இப்ப டொராண்டோவில. இதுக்குள்ள எங்கட நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கு, சொல்லட்டா?

71 ஜனவரி கடைசியில ‘கங்கா’ எண்ட இந்திய ஃபொக்கர் விமானத்தைக் கடத்தி லாகூருக்குக் கொண்டுபோய் எரிச்சவை. உடனே இந்தியா பாகிஸ்தான் விமானங்கள் தன்ர வானத்துக்கு மேலால பறக்கத் தடை போட்டுது. கராச்சியில இருந்து டாக்காவுக்கு நேர்வழி இல்லாமல் போச்சு. அதுக்குப் பிறகு இலங்கையைச் சுத்தித்தான் போனவை, கட்டுநாயக்காவில எண்ணெய் நிரப்பி. தூரம் ஏறக்குறைய இரட்டிப்பு. இந்தியாவுக்கு அதில கடுங்கோபம்.

அதே வருச ஏப்ரலில இலங்கையில ஜேவிபி எண்ட இடதுசாரி இயக்கத்தின்ர கிளர்ச்சி வந்துது. அதை அடக்க சிறிமாவோ அம்மையாரின்ர அரசாங்கத்துக்கு இந்தியாவும் ஹெலிகொப்டர் அனுப்பினது, பாகிஸ்தானும் அனுப்பினது! எட்டு மாசத்தில சண்டை பிடிக்கப்போற ரெண்டு பேரும் ஒரே தீவுக்கு உதவிக்கு வந்து நிண்ட கதையைச் சொன்னா இங்க பிள்ளையள் நம்புறதில்லை.

#18 குறிப்பேடு

நல்லூரான், மிக முக்கியமான விஷயத்தைச் சொன்னீர்கள். கிழக்கில் பாகிஸ்தானுக்கு ஒரே ஒரு சேபர் ஸ்குவாட்ரன், 14ஆம் எண். இருந்த ஜெட் தளம் டாக்காவின் தேஜ்காவ். கிழக்கின் பாதுகாப்பு மேற்கில் அடிப்பதில் இருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. பாதை சுற்றுப்பாதையானபின் அந்த ஒன்றுக்குத் துணை அனுப்புவதும் கனவாகிவிட்டது.

அதனால் டாக்காவில் நடந்தது சேபரோடு மல்லுக்கட்டி முடிந்த கதை இல்லை. முதல் இரண்டு நாள் ஹண்டர்களும் சேபர்களும் மோதின, இரு பக்கமும் இழப்பு. பிறகு மிக்-21கள் 500 கிலோ குண்டுகளைச் செங்குத்தாகக் கொண்டுவந்து ஓடுதளத்திலேயே இறக்கின. பள்ளம் நிரப்ப ஆள் வருவதற்குள் அடுத்த குழு வந்துவிடும். டிசம்பர் 7க்குள் முடிந்தது. விமானம் இருந்தது, விமானி இருந்தார், பறக்கத் தரைதான் இல்லை.

#19 பழைய_ஃபிட்டர்

65ல் பதான்கோட்டில் கற்ற பாடம் மேற்கில் தெரிந்தது. டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் நம் தளங்களை முந்திக்கொண்டு தாக்கியபோது, விமானங்கள் எல்லாம் சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் இருந்தன. ஓடுதளத்தில் சில பள்ளங்கள், அவ்வளவே. காலைக்குள் மூடிவிட்டார்கள். ஆறு வருஷத்தில் சிமென்ட் செய்த வேலை.

#20 வேல்77

எல்லாம் சரி. நிர்மல்ஜித் சிங் சேகோனை யாரும் சொல்லலையே? விமானப்படைக்குக் கிடைச்ச ஒரே பரம் வீர் சக்ரா. தனியா ஆறு சேபரோட மோதி ரெண்டை அடிச்சாரு. அதை எந்த நோட்டுல எழுதுவீங்க?

#21 குறிப்பேடு

வேல், இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே விட்டுவைத்திருந்தேன்.

1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். பெஷாவரிலிருந்து 26ஆம் ஸ்குவாட்ரன் சேபர் ஆறு: நாலு குண்டு போட, இரண்டு காவலுக்கு. ஓடுதளத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே குமன் முன்னால், சேகோன் பின்னால் நாட் விமானங்களில் கிளம்பினார்கள். புழுதியிலும் மூட்டத்திலும் குமன் பார்வையிலிருந்து விலகிப்போனார். சேகோன் தனியாக ஆறு பேருக்கு நடுவில். முதலில் அவர்தான் துரத்தினார், மரத்துக்கு மேலே தொட்டுவிடும் உயரத்தில் சுற்றிச் சுற்றி. கடைசியில் சலீம் பேக் மிர்சா அவரைச் சுட்டார். மலைச்சரிவில் விமானம் கிடைத்தது, அவர் உடல் கிடைக்கவில்லை.

இவ்வளவும் இரு தரப்பும் ஒத்துச் சொல்வது. இரண்டு சேபரை அடித்தார் என்று நம் தரப்பு நம்புகிறது. அன்று தங்கள் ஆறும் திரும்பின என்று பாகிஸ்தான் சொல்கிறது. சிதைவு இல்லை, கைதி இல்லை. ஆலமுக்கு ஒரு விதி, சேகோனுக்கு ஒரு விதி என்று வைத்துக்கொண்டால் என் நோட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். வீழ்ந்த பத்தியில் இது பூஜ்யம்.

#22 வேல்77

என்னக்கா இது. பரம் வீர் சக்ராவையே சந்தேகப்படுறீங்களா? இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல.

#23 பழைய_ஃபிட்டர்

தம்பி, கோபப்படாமல் கேள். பரம் வீர் சக்ரா எண்ணிக்கைக்குக் கொடுத்ததில்லை. குண்டு விழும் ஓடுதளத்தில் வண்டியை ஓட்டி மேலே ஏறினானே, அதற்குக் கொடுத்தது. ஓடும்போது எந்தப் பள்ளத்தில் சக்கரம் விழும் என்று தெரியாது. பின்னால் சேபர் குறி வைக்கிறது, நமக்கு வேகமே வரவில்லை, சுடவும் முடியாது. அந்தச் சில விநாடி எப்படி இருக்கும் என்று தரையில் நின்றவனுக்குத்தான் தெரியும். ரெண்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் சேகோன் சேகோன்தான்.

#24 குறிப்பேடு

ஐயா சொன்னதற்கு மேல் ஒன்று மட்டும். சேகோனைச் சுட்ட மிர்சாவே பின்னாளில் அந்தச் சண்டையை எழுதினார், சேகோனை மனம்விட்டுப் பாராட்டி. எண்ணிக்கையில் ஒத்துவராதவர் ஆளில் ஒத்துவருகிறார்.

மேற்கில் இன்னொரு தெளிவான கணக்கும் உண்டு, யாரும் அதிகம் பேசாதது. டிசம்பர் 12, ஜாம்நகர். 47ஆம் ஸ்குவாட்ரன் பாரத் பூஷண் சோனி மிக்-21ல் எழுந்து, கட்ச் வளைகுடாவுக்கு மேல் ஒரு ஸ்டார்ஃபைட்டரைப் பீரங்கியால் அடித்தார். அதிலிருந்தவர் மெர்வின் மிடில்கோட், 65லும் பேர் வாங்கிய மூத்த விமானி. கடலில் குதித்தார், கிடைக்கவில்லை. 65ல் நம் மிக்-21 பலவற்றில் பீரங்கியே கிடையாது, மிஸைல் மட்டும்தான். 71க்குள் அடியில் துப்பாக்கிப் பொதி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பொதி இல்லாவிட்டால் சோனி வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

#25 தேன்மொழி_ஆசிரியை

ஒரு வேறு மாதிரிக் கேள்வி. குறி தவறி, அல்லது தெரியாமல், சாதாரண விமானங்களைச் சுட்டதும் உண்டா?

#26 குறிப்பேடு

உண்டு டீச்சர். 1965 செப்டம்பர் 19. குஜராத் முதல்வர் பல்வந்த்ராய் மேத்தா, மனைவி, உதவியாளர்கள், ஒரு பத்திரிகையாளர், விமானக் குழு என்று எட்டுப் பேர் ஒரு சின்ன பீச்கிராஃப்ட் விமானத்தில் கட்ச் எல்லையோரம் போனார்கள். கராச்சியிலிருந்து எழுந்த சேபரில் இளம் அதிகாரி கைஸ் ஹுசைன். பீச்கிராஃப்ட் இறக்கையை ஆட்டி, விட்டுவிடு என்று சைகை காட்டியது. அவர் கீழே கேட்டார், சுடு என்று உத்தரவு வந்தது. சுட்டார். எட்டுப் பேரும் இறந்தார்கள்.

46 ஆண்டு கழித்து, 2011ல், கைஸ் ஹுசைன் அந்த விமானத்தை ஓட்டிய ஜஹாங்கீர் இன்ஜினீயரின் மகளைத் தேடிப்பிடித்து மின்னஞ்சல் எழுதினார். மகள் பதில் எழுதினார், வெறுப்பில்லாமல்.

நம் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். கார்கில் முடிந்த சில வாரத்தில், 1999 ஆகஸ்ட் 10ல், கட்ச் எல்லையில் நம் மிக்-21 ஒரு பாகிஸ்தான் கடற்படை அட்லாண்டிக் ரோந்து விமானத்தை வீழ்த்தியது. 16 பேர். எல்லைக்கு எந்தப் பக்கம் என்று இன்றும் வழக்கு. பாகிஸ்தான் உலக நீதிமன்றம் போனது, தனக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று 2000ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது ராணுவ விமானம்தான், ஆனால் போர் நேரம் இல்லை.

#27 செந்தில்_திருப்பூர்

அப்படியே 2019க்கும் வந்துவிடலாம். அபிநந்தன் நம்மூர்க்காரர். எஃப்-16?

#28 குறிப்பேடு

மிக்-21 ஒன்று: சிதைவு, கைதி, இரு தரப்பு ஒப்புதல். எழுதலாம். அதே காலை பட்காமில் நம் மிஸைலே நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை அடித்தது, ஆறு விமானப்படையினர், கீழே ஒரு பொதுமகன். விமானப்படையே ஒப்புக்கொண்டது. எழுதலாம். எஃப்-16 வீழ்ந்தது என்கிறது இந்தியா, இல்லை என்கிறது பாகிஸ்தான், அமெரிக்கர்கள் எண்ணியபோது எதுவும் குறையவில்லை என்று அங்கத்திய பத்திரிகை ஒன்று எழுதியது. பென்சிலால்கூட எழுத முடியாது, இப்போதைக்கு. தேவய்யாவுக்கு வந்ததுபோல் ஒரு நாள் மறுபக்கத்திலிருந்து சாட்சி வந்தால் பேனா எடுப்பேன்.

#29 நெறியாளர்

2025 மே பற்றி வந்த பதினைந்து பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இரு தரப்பும் எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயம், இங்கே வசையாகத்தான் முடிகிறது. இழை 65, 71 பற்றியது. அதற்குள் இருங்கள்.

#30 செந்தில்_திருப்பூர்

சரி, கடைசியாக. 65ல் வானத்தில் ஜெயித்தது யார் என்று ஒரு வரியில் சொல்லுங்கள் அக்கா. 

#31 குறிப்பேடு

ஒரு வரியில் வராது, நாலு வரி தருகிறேன். விமானத்துக்கு விமானம் என்று பார்த்தால் பாகிஸ்தான் கை ஓங்கியிருந்தது. எண்ணிக்கையில் சின்ன படை, முதல் வாரத்தில் அபாரமாகச் சண்டை போட்டது. ஆனால் முதல் வாரத்துக்குப் பிறகு நம் தளங்களை அடித்து முடக்க அவர்களால் முடியவில்லை, நம்மாலும் சர்கோதாவை முடக்க முடியவில்லை. செப்டம்பர் 23ல் இரண்டு படையும் பறந்துகொண்டுதான் இருந்தன. 71 கிழக்கில் இந்தியா ஜெயித்தது முழுசாக, சந்தேகமே இல்லாமல். 71 மேற்கில் இரு தரப்பும் தாங்கள்தான் என்கிறார்கள், இழப்புப் பட்டியல்கள் இன்னும் ஒத்துவரவில்லை.

#32 பழைய_ஃபிட்டர்

முதல் வாரத்துக்குப் பிறகு சேபர்கள் உள்ளே ஆழமாக வராததற்கு உதிரிப் பாகமும் காரணம். அமெரிக்கா இரு நாட்டுக்கும் ஆயுதத் தடை போட்டது. நாம் பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்ய வண்டி என்று கலந்து வைத்திருந்தோம், நாட் விமானத்தைப் பெங்களூரிலேயே கட்டிக்கொண்டிருந்தோம். அவர்களுக்குச் சேபர், ஸ்டார்ஃபைட்டர், குண்டு போடும் பி-57 எல்லாமே அமெரிக்கா. ஒரு டயர் போனாலும் யோசிக்க வேண்டும். இதை ஆயுதப் பிரிவுக்காரனைத் தவிர யாரும் எழுத மாட்டார்கள்.

#33 வேல்77

சேகோன் விஷயத்துல நான் ஒத்துக்கவே மாட்டேன், அது வேற. ஆனா அந்த மிர்சா எழுதினது எங்க கிடைக்கும்? படிக்கணும்.

#34 குறிப்பேடு

தனிமடலில் அனுப்பியிருக்கிறேன் வேல். படித்துவிட்டு இங்கேயே வந்து திட்டுங்கள்.